வெளியேறும் வழி

மனிதரை விண்வெளிக்கு அனுப்புவது பற்றிப் பேச்செடுத்தால் முதலில் கிளம்புவது பணக் கேள்விதான். ககன்யானுக்கு 2018-இல் சுமார் 10,000 கோடி ரூபாய் என்றார்கள். 2024 செப்டம்பரில், விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் சேர்ந்து அது 20,193 கோடி ஆனது. இதில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம் என்ற கணக்கு உடனே வந்துவிடும். ஆனால் பல ஆண்டுகளுக்கான இந்தத் தொகை, மத்திய அரசின் ஓராண்டு பட்ஜெட்டில் அரை சதவீதம்கூட இல்லை. திட்டத்தை நிறுத்தினால் பணம் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகும் என்று யாரும் எழுதித் தரப்போவதுமில்லை.

உயிர்க் கணக்குதான் கடினம். சந்திரயான்-3 ஆளில்லாமலேயே நிலவில் இறங்கியது. இயந்திரம் போதும் என்று தெரிந்த இடத்துக்கு மனிதரை ஏற்றினால், ஏற்றுபவர் தலையில் தனியாக ஒரு கடன் விழுகிறது.

அந்தக் கடன் எப்படிப்பட்டது என்பது ஓசூர் சிப்காட்டில் விமானப் பாகங்களுக்கு ஜாப் ஒர்க் எடுத்தவர்களுக்குப் புரியும். கம்பியில் பொறித்த ஹீட் நம்பர் அழிந்துவிட்டால், அளவு கச்சிதமாக இருந்தாலும் பீஸ் ரிஜெக்ட்தான். எந்த உருக்கில் வந்த உலோகம் என்று சொல்ல முடியாததை நம்பி ஒருவர் பறக்க முடியாது.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டரைச் செய்துகொடுத்த ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ரப்பர் வளையம் தாங்காது, ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவே சொன்னார்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்ததும் நிர்வாகம் சம்மதித்துவிட்டது. மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். டெலிவரி தேதிக்கு அஞ்சித் தலையாட்டும் பழக்கம் எந்த ஊர் சப்ளையருக்கும் புதிதல்ல.

2023 அக்டோபர் 21 காலை ஸ்ரீஹரிகோட்டாவில், ராக்கெட் பழுதானால் ககன்யான் வீரர்களைத் தப்பவைக்கும் அமைப்பின் சோதனை. உள்ளே ஆள் இல்லை. அப்படியும் புறப்பட 5 விநாடி இருக்கையில் கணினி நிறுத்திவிட்டது. காரணம் கண்டு சரிசெய்தபின் பத்து மணிக்கு ஏவினார்கள். 2022-க்குள் மனிதர் பறப்பார் என்ற வாக்குறுதி பொய்த்ததைக் கேலி பேசுகிறோம். உண்மையில் இத்திட்டத்தில் மெச்சத்தக்கது அந்தத் தாமதம்தான்.

அந்தச் சோதனைக்கு இரண்டே வாரம் முன்பு, அக்டோபர் 7, ஓசூரை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்தன. தீபாவளி சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம். உள்ளே மாட்டிக்கொண்டவர்களால் வெளியே வர முடியவில்லை. அன்றே 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சீசன் வேலைக்குத் தமிழகத்திலிருந்து போன இளைஞர்கள். விண்வெளி வீரர் அபாயத்தை அறிந்து, ஆண்டுக்கணக்கில் பயின்று சம்மதிக்கிறார். தினக்கூலிக்குப் போன பையனிடம் யார் எதைச் சொன்னார்கள்?

ஒன்று அரசுத் திட்டம், மற்றது தனியார் கடை, ஒப்பிடலாமா என்று கேட்கலாம். கடைக்கு உரிமம் கொடுப்பதும் அரசுதானே. ககன்யானை நிறுத்தச் சொல்வது எளிது. உள்ளே இருப்பவர் எப்படி வெளியேறுவார் என்று அங்கே முதலில் கேட்கிறார்களே, அதையே மாநில எல்லையில் உள்ள ஒவ்வொரு கிடங்கிலும் கேட்கச் சொன்னால் எதிர்ப்பு வரும். விஞ்ஞானிகளிடமிருந்து அல்ல, சீசன் முடிவதற்குள் சரக்கைத் தள்ளிவிட நினைப்பவர்களிடமிருந்து.