எலும்பு கூடிய பிறகு

 

மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தவரை முதல் வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்க்கிறோம். பெரும்பாலும் 3 மாதத்தில் எலும்பு கூடிவிடும். நம் கடமையும் தீர்ந்ததாக எண்ணிவிடுகிறோம். வலியோ வருஷக்கணக்கில் நிற்பதுண்டு. நரம்பு அடிபட்டிருந்தால் சிறுநீர்க் கோளாறும் தாம்பத்தியக் குறையும் வரலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லட்டும்.

நாற்காலியில் தொழுகிறவரைப் பார்த்து முணுமுணுப்பது என்ன நியாயம்? நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அருளியது புகாரி ஷரீபில் இருக்கிறது. சுகமாயிருந்தபோது செய்துவந்த அமலின் நன்மை நோயாளிக்குக் குறையாமல் எழுதப்படுமென்றும் அதிலேயே இருக்கிறது.

மூட்டை தூக்கியவருக்குக் கல்லாவைக் கொடுப்போம். நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலிக்கும். இடையிடையே எழுந்து நடக்க விடுவோம். சம்பளத்தில் கைவைக்க வேண்டாம்.