தட்டைப் பார்க்கும் கண்

ஒருவர் பார்க்கிறார் என்பதற்காக நான் கையை அடக்கினால், அந்த அடக்கம் என்னுடையதா? இந்தப் பழைய வினாவை அண்மையில் எனக்குள் மீண்டும் எழுப்பியவை தத்துவ நூல்களல்ல. உடல் எடைக் குறைப்புப் பற்றிய சில ஆய்வுகள்.

அமெரிக்காவில் டெபரா டேட் என்பவரும் சக ஆய்வாளர்களும் இணையத்தின் வழியே எடை குறைக்கும் திட்டமொன்றை நடத்தி, 2001இல் பெறுபேறுகளை வெளியிட்டனர். பங்குபற்றிய 91 பேரும் மருத்துவமனை ஊழியர்கள். ஒரு சாராருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தகவல்களே. மறுசாராரோ உண்டதை எழுதி வாராவாரம் அனுப்ப, ஆலோசகர் மின்னஞ்சலில் பதில் எழுதினார். ஆறு மாதத்தில் முன்னவர்கள் சராசரியாக 1.6 கிலோவும் பின்னவர்கள் 4.1 கிலோவும் குறைந்திருந்தனர்.

சீனியும் எண்ணெயும் கூடாதென்பது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்ததைச் செய்யவைத்தது கண்காணிப்பு என்று சொல்லிவிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆலோசகர் எவருடைய குசினிக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு கோப்பைச் சோற்றை ஒன்றென்று எழுதினால் அவருக்கு எப்படித் தெரியும்? மனிதர் அப்படி எழுதக்கூடியவர்களே. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், குறைத்துச் சாப்பிட்டும் மெலியவில்லை என்று முறையிட்டவர்கள், உண்டதில் ஏறத்தாழப் பாதியைக் கணக்கில் விட்டிருந்தனர். பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன்; தன் கணக்கை எழுதும்போது எவருடைய பேனையும் கொஞ்சம் சலுகை காட்டும். ஆனாலும் இரவு எழுதவேண்டுமே என்ற நினைப்பு பகலில் கையைத் தடுக்கும். அங்கே தடுப்பவர் ஆலோசகரல்லர், எழுதப்போகிறவரே.

அதே ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 192 பேர். சிலருக்கு மனிதர் பதில் எழுதினார், சிலருக்குக் கணினி. மூன்று மாதம்வரை பெரிய வித்தியாசமில்லை. ஆறாம் மாதத்தில் மனிதரின் பதில் பெற்றோர் 7.3 கிலோவும், கணினியின் பதில் பெற்றோர் 4.9 கிலோவும் குறைந்திருந்தனர். கணினி சொன்னதும் நல்ல புத்திமதிதான். ஆனால் நம் தோல்வியில் அதற்கு வருத்தமில்லை, வெற்றியில் சந்தோஷமுமில்லை. காரணம் இதுதான் என்பது என் ஊகம், ஆய்வின் கூற்றல்ல.

இன்று கணினியும் மனிதரைப் போலவே கனிவாக எழுதுகிறது. அதற்கொரு பெண்பெயர் சூட்டி, ஆலோசகர் என்று அனுப்பினால் எடை இன்னும் குறையக்கூடும். பலன்தானே முக்கியம் என்பார் சிலர். என்னால் உடன்பட முடியவில்லை. தன் தட்டை ஒளிக்காமல் காட்டியவரிடம், பார்ப்பது யாரென்பதை ஒளிக்கலாமா? பத்துக் கிலோ குறைந்தபின் அவர் அதை அறிய நேர்ந்து, “இவ்வளவு நாளும் நான் யாருக்கு எழுதினேன்?” என்று கேட்டால், அதற்கும் அந்தப் பெண்பெயரில்தான் பதில் போகும்.