ராணித்தன்மை உடலிலா, நிலையிலா?

பறந்து புணர்ந்த ராணி எறும்பு தன் சிறகுகளைத் தானே உதிர்த்துவிடுவதால், பருத்த நடுவுடலில் எஞ்சும் சிறகுத் தழும்புகளைக் கொண்டே தேடுவோர் அதைப் பணியெறும்புகளிலிருந்து பிரித்தறிகின்றனர். ஆயினும் ஓர் உயிரின் இயல்பை அதன் உடற்குறி முழுமையாகச் சொல்லிவிடுமா என்னும் பழைய தத்துவ வினாவை, சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் 1851இல் விவரித்த தாவும் எறும்பு மீண்டும் எழுப்புகிறது. ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் எனப்படும் அவ்வினத்தில், ராணி இறந்தபின் பணியெறும்புகள் உணர்கொம்புகளால் மோதிக்கொள்ள, வென்றவற்றுள் சில 'கேமர்கேட்' ஆகின்றன, அதாவது புணர்ந்து முட்டையிடும் பணியெறும்புகளாகின்றன; அவற்றின் சூலகம் விரிய, மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்க, ஆயுளோ மாதங்களிலிருந்து ஆண்டுகளாக நீள்கிறது. அவற்றைக் கூட்டிலிருந்து பிரித்துத் தனியே வைத்தால் பழைய நிலைக்குத் திரும்புவதும், மூளை மீண்டும் வளர்வதும் 2021இல் வெளியான ஆய்வொன்றில் புலப்பட்டன. பிறப்பே தகுதியை வகுத்துவிடுகிறது என வாதிடுவோருக்கு இது இடைஞ்சலான சான்றே (எறும்பின் வாழ்விலிருந்து மனித அறத்தை வருவிப்பது வேறொரு பிழை என்பதும் உண்மை). சிறகுத் தழும்பில்லாத கேமர்கேட்டை வெளித்தோற்றத்தால் உறுதிசெய்ய இயலாது. உடலைப் பிளந்து சூலகத்தை ஆராய்ந்தே அறிய வேண்டும்.