எட்டி நிற்கும் கை

பெரியகல்லாற்றில் எனக்கொரு சிநேகிதர் இருக்கிறார். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். மருதமுனையிலிருந்து சைக்கிளில் போய் அவர் வளவில் குந்தினால் வாவிக்காற்றும் பிளேன்ரீயும் கிடைக்கும். அண்மையில் ஒரு பின்னேரம், பொறியியல் பீடத்தில் படிக்கும் அவர் மகள் ஒரு வரைபடத்தோடு வந்தாள். அணுக்கழிவைத் தொடாமல் கையாளும் இயந்திரக் கைகளைப் பற்றியது அவளது இறுதியாண்டு ஆய்வு.

"ஆக்கள்ர கையைக் காப்பாத்திற வேலை மாமா. இதில என்ன பிழை இருக்கு?"

பிழையில்லை என்றுதான் சொன்னேன். தடித்த கொங்கிறீற் சுவர், அதில் ஈயம் கலந்த கண்ணாடி யன்னல். வெளியே நிற்பவர் பிடியை அசைக்க, உள்ளே இரும்புக் கை அதேபோல அசையும். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் உருவாக்கிய ஏற்பாடு இது. வெளிக்கையை எசமான் என்றும் உள்கையை அடிமை என்றும் ஆங்கிலத்தில் அழைத்தார்கள். (இரும்புக்கு அதில் மனவருத்தமில்லை, பெயர் வைத்தவர்களுக்கும் இருந்திருக்காது.) உள்ளே தூக்கும் பொருளின் பாரம் வெளியே பிடித்திருப்பவரின் கைக்கும் தெரியும் என்பதே அதன் சிறப்பு.

அந்தப் பாரம் யாருக்குத் தெரியாமல் போகிறது என்ற கேள்வி, வீடு திரும்பும் வழியில்தான் வந்தது.

பெரியகல்லாற்றைத் தொடும் அதே வங்கக் கடலோரத்தில்தான் தமிழ்நாட்டின் கல்பாக்கம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் இரண்டு ஊர்களிலும் ஏறியது. அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு முன், 2003 ஜனவரி 21இல், அங்குள்ள அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் சில ஊழியர்கள் கழிவுத் தாங்கிப் பகுதிக்குள் மாதிரி எடுக்கப் போனார்கள். குறைந்த கதிர்வீச்சுக் கழிவு என்பதே அவர்கள் அறிந்தது. ஆனால் ஒரு வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுக் கழிவு அங்கே வந்துவிட்டிருந்தது. அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி எதுவும் அவ்விடத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. எடுத்த மாதிரியை ஆய்வுகூடத்தில் பார்த்தபோதுதான் விசயம் தெரிந்தது. ஆறு பேர் பாதிக்கப்பட்டார்கள். வெளியுலகம் அறிய மாதங்கள் சென்றன.

ஆபத்து என்று ஒப்புக்கொண்ட இடத்துக்கு இரும்புக் கை. ஆபத்தில்லை என்று யாரோ மேசையில் தீர்மானித்த இடத்துக்கு மனிதக் கை. கோர்ட்ஸின் இயந்திரம் பாரத்தைத் திருப்பி அனுப்பியது. தீர்மானம் எடுக்கும் மேசைக்கு அப்படி எதுவும் திரும்பி வருவதில்லை.

யப்பானிலும் இதையே கண்டோம். 2011இல் உருகிய புகுஷிமா உலைகளுக்குள் ஏறத்தாழ 880 தொன் எரிபொருட் சிதைவு கிடக்கிறது. அதில் ஒரு துளியை எடுக்க, தூண்டிற்தடி போல நீளும் ஒரு கருவி செய்தார்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அன்றே வேலை நின்றது: தள்ளும் குழாய்களை வரிசை மாற்றி அடுக்கியிருந்தார்கள். கதிர்வீச்சுக்குள் அவசரமாக அவற்றைச் சுமந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கம்பனிக்காரர் எவரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. நவம்பரில் ஒரு கிராமுக்கும் குறைவான துண்டு கிடைத்தது. எட்டி நிற்கப் பழகிய நிர்வாகம் இயந்திரத்திடமிருந்து மட்டுமல்ல, ஆட்களிடமிருந்தும் எட்டித்தான் நிற்கிறது.

இதற்குப் பொறியியலாளர் பொறுப்பில்லை, அவர் கையைத்தான் செய்தார் என்பார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கை பழுதாகும் என்பது செய்தவருக்குத் தெரியும். பழுதானால் உள்ளே போகப்போகிறவருக்கும் சேர்த்துத்தான் அவர் வரைகிறார்.

அடுத்த முறை போனபோது மகளிடம் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். சுவர், யன்னல், இரண்டு கைகள், எல்லாம் அளவோடு இருந்தன.

"இது உடைஞ்சா ஆரு மகள் உள்ள போற?"

"அதுக்கு மெயின்ரனன்ஸ் ஆக்கள் இருப்பாங்க மாமா."

"அவங்க போற வழி எங்க?"

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தகப்பனின் மேசையில் அழிறப்பரைத் தேடப் போனாள்.