பார்வையாளர் அயனிகள்

நடுநிலை என்றால் சூடு இல்லாத இடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டு பேர் மோதும்போது கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பவரை நடுநிலையாளர் என்கிறோம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்.

ஒரு தெர்மாகோல் கப்பில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி. அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. இரண்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு ஒன்றாக ஊற்றிக் கலக்கினால், வெப்பமானி 6, 7 டிகிரி ஏறும். கண்ணாடி பீக்கர் என்றால் அதுவே கொஞ்சம் சூட்டைத் தின்றுவிடும், அதனால்தான் தெர்மாகோல். ஆக, நடுநிலை என்பது இங்கே ஒரு மோதலின் முடிவு. மோதாமல் அது கிடைப்பதில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வீரியமான எந்த அமிலத்தையும் வீரியமான எந்தக் காரத்தையும் நீர்த்த கரைசலாகச் சேர்த்தாலும், உருவாகும் ஒரு மோல் தண்ணீருக்கு வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய 57 கிலோஜூல்தான். பெயர் எதுவானாலும் உண்மையில் சேர்வது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் மட்டுமே. சோடியமும் குளோரைடும் சும்மா நிற்கின்றன. பாடப்புத்தகம் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் பார்வையாளர் அயனிகள்.

நான் காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியனும் டீ-ஷர்ட்டும் மூட்டை மூட்டையாக வந்து போகிற இடம். இங்கே விற்கும் துணி பெரும்பாலும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் வருகிறது. காஸ்டிக்கும் பெராக்சைடும் போட்டு வெளுத்த துணியில் காரம் தங்கியிருக்கும். அசிட்டிக் ஆசிட் விட்டு அதை எடுத்தால்தான் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்காமல் ஒரே சீராக ஏறும். சாயம் ஏறிய பிறகும் ஒரு முறை ஆசிட் உண்டு. வாங்குகிறவர் துணியைத் தடவிப் பார்த்து, “சாஃப்டா இருக்குதுங்க” என்று சொல்லிப் போகிறார்.

கழிவுநீருக்கு அரசு விதித்திருக்கும் அளவுகளில் இரண்டு: பி.ஹெச். 5.5 முதல் 9 வரை. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள். மேலே சொன்ன கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பி.ஹெச். அச்சாக 7. முதல் தேர்வில் நூற்றுக்கு நூறு. ஆனால் தண்ணீரை வற்றவைத்தால் அடியில் கிட்டத்தட்ட 2.9 கிராம் உப்பு நிற்கும். லிட்டருக்கு 29 கிராம், அதாவது அனுமதித்ததைப் போல 14 மடங்கு. சூடு காற்றோடு போய்விட்டது. மிச்சமிருப்பது பார்வையாளர்கள்தான்.

நொய்யலுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். அங்கே சேர்ந்த உப்பில் பெரும்பகுதி அமில-கார மோதலில் பிறந்ததல்ல, சாயம் நூலில் ஏறுவதற்காகத் தொட்டியில் கொட்டிய உப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த உப்பும் ஒரு பார்வையாளர்தான். துணியில் ஒட்டாது, வேலை முடிந்ததும் அப்படியே வெளியே வரும். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கும் குளமாகிப் போனது. அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த என் பெரியப்பா கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துச் சொன்னது: “புளிப்பு இல்ல கண்ணு, கரிப்பு.” எந்த லிட்மஸ் தாளும் அவருக்காகச் சாட்சி சொல்லியிருக்காது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத ஏற்பாட்டைச் செய்து முடிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. என் மாமா ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். கரிப்பு பெரியப்பாவிடம் வருஷக்கணக்கில் வந்து சேர்ந்தது. சூடு மாமாவை ஒரே வாரத்தில் பிடித்தது. வீட்டு விசேஷங்களில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பேச்சு முற்றினால் நடுவில் இருக்கிறவர்கள், “ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குதுங்க” என்பார்கள்.

அந்த வாக்கியம் பொய்யில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்தது. அதைச் சொன்னவருக்கு அதன்பிறகு என்ன வேலை என்பதுதான் என் கேள்வி. நடுநிலை இரண்டு விதம். ஒன்று, மோதலுக்குள் இறங்கி, கேட்டு, தீர்ப்புச் சொல்லி, வருகிற சூட்டையும் தாங்குவது. நீதிபதி செய்வது அது. வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தராசை உவமை சொன்னதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எடையைத் தன்மேல் வாங்காத தராசு எதையும் நிறுக்காது. மற்றொன்று, சோடியத்தைப்போல எதிலும் சேராமல் நின்று, கடைசியில் தண்ணீரைக் குடிக்க முடியாததாக்குவது.

சோடியத்தைக் குறை சொல்ல முடியாது, அதற்கு வேறு வழியில்லை. மனிதருக்கு உண்டு. விலை குறைந்தால் சந்தோஷப்படும் வாங்குபவர், மூட்டைக்குக் கணக்கு எழுதும் நான், கடல் தாண்டி ஆர்டர் கொடுக்கிறவர், யாருமே ஆற்றில் ஒரு வாளி கூடக் கொட்டியதில்லை. ஆனால் என் சம்பளம் அந்தத் துணியிலிருந்துதான் வருகிறது.

இப்போது பட்டறைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சவ்வு வழியாக வடித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து வற்றச் செய்கிறார்கள். உப்பில் ஒரு பகுதி திரும்பவும் சாயத்தொட்டிக்கே போகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பை மூட்டை கட்டி வைக்கிறார்கள். முன்பு ஆற்றுக்குப் போனதற்கு இப்போது எடையும் செலவும் உண்டு. அதைத் தாங்க ஒரு ஆளும் வேண்டியிருக்கிறது. தண்ணீர் தெளிந்த பிறகும் அந்த மூட்டைகளை எங்கே வைப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. விலைச்சீட்டில் அதற்கென்று ஒரு வரி இதுவரை நான் எழுதியதில்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.