கூறியது கூறலும் கேட்டது கேட்டலும்

பேசுவதற்கு நெறி வகுத்த நம் முன்னோர் கேட்பதற்கும் நெறி வகுத்தனர். பொய், புறங்கூறல், கடுஞ்சொல், பயனில சொல்லல் ஆகியவற்றை விலக்குமாறு நாவுக்குக் கட்டளையிட்ட அறநூல்கள், செவிக்கும் கடமை உண்டென்பதை மறக்கவில்லை. ஆயினும் நம் இல்லங்களில் அன்றாடம் எழும் ஒரு சிக்கலைக் குறித்து நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவர் தாம் முன்பே பலமுறை கூறிய நிகழ்ச்சியை மீண்டும் கூறுகிறார். கேட்பவரோ கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த இயலாத இயல்பினர். அவர் கால்களை ஆட்டுகிறார். இடையிற் புகுந்து கதையைத் தாமே முடித்துவிடுகிறார். அல்லது எழுந்து போய்விடுகிறார். 'பெரியவர் பேச்சை மதியாதவன்' என்னும் பழி அவரை வந்து சேர்கிறது. இப்பழி நியாயமானதா? பொறுமை என்பது எல்லோரிடமும் ஒரே அளவில் கேட்டுப் பெறத்தக்க கடனா? இவ்வினாக்களை இங்கே ஆராய விழைகிறோம்.

பவணந்தியார் காட்டும் இருநிலை

சமண முனிவராகிய பவணந்தியார் தம் நன்னூலில், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' என்பதனையும் ஒன்றாக வைத்தார். அதே பாயிரத்தில் பாடங் கேட்கும் முறையைப் பற்றிப் பேசுமிடத்து, இரண்டாம் முறையும் கேட்பவனுக்கு நூலிற் பிழை பெரிதும் நீங்கும் என்றும், மூன்றாம் முறை கேட்பவன் முறையறிந்து உரைக்கும் ஆற்றல் பெறுவான் என்றும் உணர்த்தினார். சொல்பவர்க்குக் குற்றமாவது கேட்பவர்க்கு நலமாகிறது. இது முரண்பாடு போலத் தோன்றும், முரண்பாடன்று. கற்கும் வேட்கையோடு தானே நாடிச் சென்று மீண்டும் கேட்பது வேறு. நாடாதவனை இருத்திவைத்து மீண்டும் சொல்வது வேறு. செயல் ஒன்றே எனினும் விருப்பம் எவர் பக்கத்தது என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் சுமையாகவும் மாறுகிறது.

மாணாக்கரை வகைப்படுத்தும்போது பவணந்தியார் அன்னத்தையும் பசுவையும் முதல் மாணாக்கர்க்கும், ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் கடை மாணாக்கர்க்கும் உவமையாக்கினார். ஓரிடத்தில் நின்று வயிறார மேயாமல் செடிதோறும் சென்று நுனி கடிப்பது ஆட்டின் இயல்பு. ஆசிரியப் பயிற்சியில் இவ்வுவமைகளைக் கற்று, பின்னர் நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற நமக்கு அத்தகைய மாணாக்கரை நன்கு தெரியும். பாடம் நடக்கையில் வயலில் இறங்கும் நாரையை எண்ணிக்கொண்டிருப்பார். வினா முடியுமுன் விடை சொல்வார். நேற்று நடத்திய பாடத்தை இன்று மீள நோக்கத் தொடங்கினால் மேசையைத் தட்டத் தொடங்குவார். ஆனால் புதிய கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதினால் முதலில் எழுந்து வருபவரும் அவரே. முனிவர் கண்டது மேயும் முறையை. அம்முறைக்கு உரிய காரணத்தை ஆராயும் கருவிகள் அக்காலத்தில் இல்லை.

ஒழுக்கக் குறையா, உடற்கூறா?

1902-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவிற் குறைவில்லாத சில சிறுவர்கள் தம்மைத் தாமே கட்டுப்படுத்த இயலாமல் இருப்பதை விளக்கிய அவர், அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே பெயரிட்டார். மருத்துவமே முதலில் இதனை ஒழுக்கத்தின் பெயரால் அழைத்ததென்பது நாம் கருதத்தக்கது. 1980-இல் அமெரிக்க உளமருத்துவர் கழகம் கவனக் குறைபாடு என்று பெயர் மாற்றியது. 1987-இல் மிகையியக்கமும் சேர்க்கப்பட்டது. இன்று சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என வழங்குவது இதுவே. உலக அளவில் குழந்தைகளுள் நூற்றுக்கு ஐவர் அளவில் இவ்வியல்பினர் எனக் கணக்கிடப்படுகிறது. பலருக்கு இது வளர்ந்தபின்னும் தொடர்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளுள் இது தனியே இடம்பெறவில்லை. ஆதலால் வீட்டாரின் புரிதலே பலருக்கும் முதல் துணையாகிறது.

ஊக்கத்தையும் ஆர்வத்தையும் இயக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் செயற்பாடு இவர்கள் மூளையில் வேறுபட்டிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. புதுமை உள்ளவிடத்தில் இவர்கள் மனம் தானே சென்று ஒட்டிக்கொள்ளும். அது இல்லாதவிடத்தில் மனத்தை நிறுத்துவதற்குப் பெருமுயற்சி வேண்டும். காத்திருத்தலே இவர்களுக்குத் துன்பமாகிறது என்பதனை எட்மண்ட் சோனுகா-பார்க் என்னும் ஆங்கில உளவியலறிஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கியுள்ளார்.

கேட்பவர் படும் பாடு

வேதாரணியம் பகுதியில் நாமறிந்த இல்லம் ஒன்று உண்டு. அவ்வீட்டுத் தாத்தா 1952-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தஞ்சைக் கடலோரத்தைத் தாக்கிய புயலைப் பத்து வயதிற் கண்டவர். கூரை பறந்ததும், நெற்குதிரின் மறைவில் குடும்பமே இரவைக் கழித்ததும், விடியற்காலையில் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்ததும் அவர் வாயால் அவ்வூரார் பலமுறை கேட்டவை. 2018-இல் கஜா புயல் அதே கரையைத் தாக்கிய பின்னர் அக்கதை இன்னும் அடிக்கடி வரலாயிற்று. அவருடைய பேரர் இக்குறைபாடு உடையவர் என்று வளர்ந்தபின் மருத்துவரால் அறியப்பட்டவர்.

அவ்விளைஞர் தம் நிலையை நமக்கு விளக்கினார். தாத்தா முதல் வாக்கியத்தைத் தொடங்கியவுடனே கதையின் முடிவு வரை தம் மனம் ஓடிச் சென்றுவிடுகிறதாம். தாம் சென்று சேர்ந்த ஊருக்குத் தாத்தா மாட்டுவண்டியில் வந்துகொண்டிருக்க, தாம் வெயிலிற் காத்து நிற்பது போன்ற நிலையாம். முதலில் உடம்பில் ஒரு நமைச்சல். அடுத்து, முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டுமே என்ற கவலை. முகத்தைக் காப்பதிலேயே முயற்சியெல்லாம் செலவாகிவிடுவதால் பேச்சு காதில் விழுவதில்லை. இடையில் 'நான் என்ன சொன்னேன்?' என்று கேட்டால் விடையில்லை. இறுதியில் எஞ்சுவது, அன்புடைய ஒருவரை அவமதித்துவிட்டோமே என்னும் குற்றவுணர்வு.

இக்குறைபாடு உடையோர் அனைவரும் இவ்வாறே உணர்வர் என்பதில்லை. கூறியதைக் கேட்டும் மறந்துவிடுவதால் அதனைப் புதிதாகவே கேட்போரும் உளர். தாமே கூறியதை மறந்து மீண்டும் கூறுவோரும் உளர். ஒரே பாட்டை நாள் முழுதும் கேட்போரும் உளர். 'பாட்டை நூறுமுறை கேட்பவனுக்குப் பாட்டன் பேச்சை இருமுறை கேட்க முடியாதா?' என்று வீட்டார் சினப்பது இதனாற்றான். பாட்டைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் கையில் உள்ளன, பேச்சு அவ்வாறன்று. மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளத்தார் பிரகலாதன் கதையை நடிக்கின்றனர். கதை அறியாதவர் அவையில் இல்லை. ஆனால் அங்கே இசை உண்டு, ஆட்டம் உண்டு. எழுந்து சென்று மீண்டு வந்தாலும் எவரும் வருந்துவதில்லை. திண்ணையில் ஒருவர்க்கு ஒருவராக அமர்ந்த இடத்தில் அந்த உரிமை இல்லை.

சொல்பவர் தேவை

மறுபக்கத்தையும் காண்பதே அநேகாந்தம். முதியோர் வேண்டுமென்றே பிறரை வருத்துவதற்காகக் கூறியது கூறுவதில்லை. ஒரு செய்தியை எவரிடமிருந்து அறிந்தோம் என்பதை விட, அதனை எவரிடம் கூறினோம் என்பது நினைவில் நில்லாமற் போவது எளிது என்பதை நைஜல் கோப்பி, காலின் மக்லவுட் என்னும் கனடா அறிஞர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. முதுமையில் இந்நினைவு மேலும் தளர்கிறது. 1963-இல் ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மருத்துவர், முதியோர் கடந்தகாலத்தைத் திரும்பத் திரும்பப் பேசுவது வெறும் பிதற்றலன்று. தம் வாழ்க்கையைத் தாமே கணக்குப் பார்க்கும் முயற்சி அது என எழுதினார்.

சமுதாயத்திற்கும் இதனால் விளைந்த பயன் உண்டு. 1880-இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைப் படிக்கத் தொடங்கிப் பொருள் விளங்காமல் இடர்ப்பட்டபோது, அவ்வூர்ச் சமணப் பெருமக்களை நாடினார். அவர்கள் வீடுகளில் சிந்தாமணி வழிவழியாக வாசித்துப் பொருள் கூறப்பட்டு வந்தது. வீடூர் அப்பாசாமி நயினார், சந்திரநாத செட்டியார் முதலியோர் அவருக்கு ஐயம் அகற்றினர். 1887-இல் சிந்தாமணி அச்சேறிற்று. சொன்ன கதையையே சொல்லியும் கேட்ட கதையையே கேட்டும் வந்த குடும்பங்கள் இல்லையேல் அப்பதிப்பு அத்துணைத் தெளிவு பெற்றிராது.

பிரமாதமும் இயலாமையும்

இனி அற ஆராய்ச்சிக்கு வருவோம். 'கவனமின்மை என்பது பிரமாதமன்றோ? பிரமாதத்தால் பிற உயிர்க்கு ஊறு விளைவிப்பது இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறவில்லையா? அங்ஙனமாயின் பெரியவர் மனம் புண்படக் கவனமின்றி இருப்பவன் இம்சை செய்தவனே' என்று அறிஞர் ஒருவர் வினவக்கூடும். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

பிரமாதம் என்பது விழிப்போடிருக்க இயன்றும் இராமையாகும். கஷாயங்களாகிய சினமும் செருக்கும் மாயமும் அவாவும் அதற்குத் துணை நிற்பன. கேட்க முயன்று, முயற்சி தோற்று, தோற்றமைக்கு வருந்துபவரிடத்தில் செருக்கு எங்கே? அவருடைய கால் ஆடுவது அலட்சியத்தாலன்று. உடம்பை ஆட்டுவதால் கவனம் சற்று நிலைக்கிறது என்று அவர்களுட் பலர் கூறுகின்றனர். எளிதிற் பொறுப்பவனுடைய ஒரு நாழிகைப் பொறுமையை விட, இயல்பை எதிர்த்துப் போராடுபவனுடைய ஐந்து நிமிடப் பொறுமை பெரிது என்றே நாம் கருதுகிறோம். முகத்தை மட்டும் பார்த்து அகத்துக்குத் தீர்ப்பெழுதுவது நற்காட்சிக்கு இழுக்காகும்.

ஆனால் இயலாமை எல்லாவற்றையும் மன்னிக்கும் சீட்டன்று. 'எனக்கு இக்குறைபாடு உண்டு. ஆதலால் எவர் மனம் புண்பட்டாலும் எனக்கென்ன?' என்று ஒருவர் கூறுவாராயின், அவ்விடத்தில் பிரமாதம் தொடங்கிவிடுகிறது. கவனம் சிதறுவது அவர் கையில் இல்லை. சிதறியபின் ஓர் இன்சொல் கூறுவது அவர் கையில் உள்ளது.

மற்றொரு வினா வாய்மை பற்றியது. கேளாமலே கேட்பது போல் நடிப்பது பொய்யாகாதா? உள்ளதைக் கூறினால் பெரியவர் நோவார். நடித்தால் வாய்மை கெடும். இரண்டுக்கும் இடையே வழி உண்டு. 'முன்பே சொன்னீர்களே' என்னும் சொல் உண்மை. ஆயினும் அது கதவை அடைக்கும் உண்மை. 'தாத்தா, குதிருக்குப் பின்னால் ஒளிந்தீர்களே, அந்த இரவில் வேறு என்ன கேட்டது?' என்று வினவுவதும் உண்மையே. கதை தமக்குத் தெரியும் என்பதை அது மறைக்கவில்லை, பெரியவரைத் தடுக்கவுமில்லை.

மேற்கூறிய இல்லத்தில் நடந்தது இதுவே. தைப் பொங்கலுக்கு வந்திருந்த பேரரிடம் அவர் தாயார் ஒரு முறம் மொச்சைக்காயை உரிக்கக் கொடுத்தார். கைக்கு வேலை கிடைத்தமையால் அவரால் அமர்ந்திருக்க முடிந்தது. இடையே இவ்வினாவைக் கேட்டார். தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அவ்விரவில் பண்ணையாள் ஒருவர் குடும்பத்தோடு வந்து கதவைத் தட்டியதையும், காற்றுக்கு அஞ்சியும் வழக்கத்துக்கு அஞ்சியும் வீட்டார் கதவைத் திறவாததையும் கூறினார். எழுபது ஆண்டுகளாக அக்கதை விடியற்காலைத் தென்னைகளோடு நின்றிருந்தது. தட்டிய ஓசைக்கு ஒவ்வொரு முறையும் அருகில் வந்து திரும்பியிருக்கிறது. எல்லாக் கதைக்குள்ளும் இத்தகைய கதவு இருக்குமென்று கூறோம். சில கதைகள் வெறும் பழக்கமே. ஆயினும் எது எத்தகையது என்பதை வினவாமல் அறிவதற்கு வழியில்லை.

இல்லறத்தார் கைக்கொள்ளத்தக்கவை

சொல்பவர், தொடங்குமுன் 'இதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா?' என்று கேட்பது நன்று. 'ஆம்' என்ற விடைக்கு வருந்தாமல், விட்டுப்போன ஒன்றை மட்டும் சொல்லலாம், வேறொன்றைத் தொடங்கலாம். கேட்பவர், தம் இயல்பை அமைதியான வேளையில் முன்கூட்டியே எடுத்துரைப்பது நன்று. சினம் எழுந்த வேளையில் உரைப்பது சாக்காகவே கொள்ளப்படும். நின்றோ நடந்தோ கேட்க அவருக்கு இசைவு தருதல் வேண்டும். கீரை ஆய்தல், பூத்தொடுத்தல் போன்ற கைவேலை பெரிதும் துணை செய்யும். ஆனால் நினைவு வேகமாகத் தளர்ந்து, ஒரே வேளையில் அதே செய்தியைப் பலமுறை கூறும் முதியோரிடம் 'சொல்லிவிட்டீர்கள்' என்று திருத்திக்கொண்டிருப்பதாற் பயனில்லை. அவர்களை மருத்துவரிடம் காட்டுவதும், கேட்கும் பொறுப்பைக் குடும்பத்தார் பலர் பகிர்ந்துகொள்வதும் கடமையாகும். பொறுமை குறைந்த இயல்பினர் ஒருவர் மீதே அப்பொறுப்பைச் சுமத்துவது இரு உயிர்க்கும் ஊறு.

பொறுமையை நாம் தருமங்களுள் ஒன்றாகப் போற்றுகிறோம். போற்றத்தக்கதே. ஆனால் அது ஒருவர் தாமே ஏற்கும் நோன்பாக இருக்கையில்தான் தருமமாகிறது. பிறர் மீது ஏவப்படும்போது வெறும் கட்டளையாகிவிடுகிறது. உண்ணாநோன்பை அவரவர் உடல்வலிமைக்கேற்ப ஏற்கிறோம். நோயாளியை முழுநோன்பிருக்குமாறு வற்புறுத்துவதில்லை. செவியின் நோன்பும் அத்தகையதே. ஐந்து நிமிடம் கேட்க இயன்றவர் ஐந்து நிமிடம் மனமாரக் கேட்கட்டும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடையாக ஏற்கும் பெருந்தன்மை நம் போன்ற முதியோரிடம் இருக்கட்டும்.