நகையும் எள்ளலும்

நகை எதனாற் பிறக்கின்றது என்னும் வினாவை மேனாட்டார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். ஆங்கிலராகிய ஹொப்ஸ் என்பார் 1651ஆம் ஆண்டில் வெளியிட்ட லெவியாதன் என்னும் நூலிலே, பிறரிடத்து ஓர் இழிவு கண்டவழி நம்மை அவரினும் மேலாக மதித்துச் சடுதியிற் கொள்ளும் பெருமிதமே நகையாய் வெளிப்படும் என்னுங் கருத்தை நாட்டினார். இது முழுதும் மெய்யாயின் நகைப்பவன் யாவனுஞ் செருக்குடையனேயாவான்.

தொல்காப்பியரோ மெய்ப்பாடு எட்டனுள் நகையை முன்வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அதற்கு நான்கு நிலைக்களன் வகுத்தார். ஹொப்ஸ் கண்டது எள்ளல் ஒன்றையே. குழவி மழலையாற் சொல்லைத் திரித்துக் கூறியவழி நகைக்குந் தாய், தன்னை அதனினும் மேலாக மதித்தா நகைக்கின்றாள்? அந்நகையில் அன்பன்றிப் பிறிதில்லை. இளமையைத் தனி நிலைக்களனாக வைத்தமையின் அருமை இங்கே விளங்கும்.

பேதைமை அறியாமையாதலின் விரிக்க வேண்டுவதின்று. மடனே ஆசிரியராயினார் ஊன்றி நோக்கற்பாலது. பிறர் புகட்டியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றுதல் மடன் என்பர். 1900இல் நகையைப்பற்றி நூலியற்றிய பிரெஞ்சுத் தத்துவ நூலார் பேர்க்சன், உயிருடைய மனிதன் பொறிபோல இயங்குதலே நகைக்குக் காரணமென்றார். அது மடனுக்கு மிக அணித்து. நகைக்குங்கால் நெஞ்சத்து இரக்கம் சற்றே அடங்கி நிற்குமென்றும் அவர் கூறினார். தாயின் நகைக்கு இது பொருந்தாது. வகுப்பறை நகைக்கோ பெரிதும் பொருந்துமென்றே நாம் கருதுகின்றோம்.

பரீட்சைக்கென வினாவிடைகளை நிரலே மனனஞ் செய்த சிறுவனொருவனை எண்ணுக. முதல் வினா பூமியின் வடிவம். மூன்றாவது இலங்கையின் மிகவுயர்ந்த மலை. பரீட்சகர் மூன்றாவதை முதலில் வினாவினார். சிறுவன் கைகட்டி நின்று, "உருண்டை" என்றான். கேட்டார் நகைப்பர், நாமும் நகைப்போம், அதிற் குற்றமில்லை. ஆனால், ஆசிரியர் அந்நகையை மறுநாளும் வகுப்பிற்குக் கொண்டுசென்று, அவனை "உருண்டை" என்றே அழைப்பாராயின், மடன்பற்றி எழுந்த நகை எள்ளலாய்த் திரிந்துவிடும். ஏனைய மாணாக்கரும் அவ்வாறே அழைப்பர். அவன் அறிந்த விடைக்கும் பின்னர் வாய்திறவான்.

அவனோ புகட்டியதை ஓரெழுத்தும் பிழையாது ஒப்பித்தான். அம்மடனை அவனுக்கு அளித்தவர், நிரலை மாற்றி வினாவிப் பாராத ஆசிரியரன்றோ? ஒருமுறை மாற்றி வினாவியிருப்பின், பீதுருதாலகால மலையென்று அவன் தடையின்றிச் சொல்லியிருப்பான்.